கிழப்பூனையின் மூத்திரத்தில் இரத்தம்

பூனை வளர்ப்போருக்காக ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்

பூனை மூத்திரம் போக முக்கினால், பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. பேச்சு முழுக்கப் புற்றுநோயைப் பற்றியது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால், கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் இரண்டு வயதுக் குட்டியைத் தூக்கி மடியில் போட்டு வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். குட்டி கடிக்கும், அது நியாயமான கடிதான்.

இளவயது, நடுவயதுப் பூனைகளுக்கு மூத்திரத்தில் இரத்தம் வந்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது, கட்டியும் இருக்காது. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி என்று மருத்துவர்கள் அதை வகைப்படுத்துகிறார்கள். வீடு மாறியது, புதுப் பூனை வந்தது, வீட்டில் கல்யாணக் கூட்டம் கூடியது என ஏதோ ஒரு மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையில் போய் முடிகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, மருந்தைவிடப் பூனை வாழும் சூழலைத் திருத்துவதே முக்கியம் என்று நிறுவினார். இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரத்தில் கொடுத்த மாத்திரைக்குத்தான் பேர் கிடைக்கும்! இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடுவன் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு கல்லாக இறுகியிருக்கிறது என்றால், காரணத்தை யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. கடுவனின் மூத்திரக் குழாய் மிகக் குறுகியது. சளியும் படிகமும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போகும். விடியட்டும் என்று காத்திருக்கும் நோயல்ல அது.

இனி, கிழப்பூனைக்கு வரலாம்.

பத்து வயதைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. இளம் பூனைக்கு அரிதான கிருமித் தொற்று இப்போது வழக்கமாகிறது. சிறுநீரகம் தளர்ந்து மூத்திரம் நீர்த்துப் போவதும், சர்க்கரை நோயும், தைராய்டு மிகையாகச் சுரப்பதும் அதற்கு வழிவிடுகின்றன. அழுத்தத்தால் வரும் அழற்சி, முதன்முதலாகக் கிழப் பருவத்தில் தலைகாட்டுவது அபூர்வம். எனவே பன்னிரண்டு வயது வரை மூத்திரத் தொல்லையே அறியாத பூனை திடீரென்று இரத்தமாகப் போனால், பின்னால் ஏதோ ஒரு காரணம் இருந்தே தீரும். அந்தக் காரணங்களில் ஒன்றுதான் கட்டி.

சிறுநீர்ப்பையில் வரும் கட்டிகளில் முதலிடம் பையின் உட்சவ்வில் தோன்றும் புற்றுக்கு. யூரோதீலியல் கார்சினோமா என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். டிரான்சிஷனல் செல் கார்சினோமா என்பது பழைய பேர், மருத்துவமனை அறிக்கைகளில் இன்றும் அதுதான் அதிகம். லிம்போமாவும் தசைக் கட்டிகளும் எப்போதாவது வரும்.

இந்த நோயின் வரலாற்றில் பூனைக்கு இடமே கிடையாது என்பது ஒரு விந்தை. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதைக் கவனித்து வெளியிட்டார். சந்தேகம் சாயப் பொருள்கள்மேல் விழுந்தது. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர், சாயத் தொழிலில் புழங்கிய 2-நாஃப்தைலமினை நாய்களுக்குக் கொடுத்து அதே கட்டியை வரவழைத்துக் காட்டினார். அதிலிருந்து இன்றுவரை இந்த நோயில் மனிதனுக்குத் துணை நாய்தான். ஸ்காட்டிஷ் டெரியர் இன நாய்களுக்கு மற்ற நாய்களைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் டெபோரா நாப் குழுவினர் நாய்களுக்கான சிகிச்சைகளைப் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். பூனைக்கு இந்த நோய் நாயைவிட வெகு அரிது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் வேறு விதமாகக் கையாள்வதால், புற்றைத் தூண்டும் கழிவுகள் அதன் மூத்திரத்தில் குறைவு என்று ஒரு பழைய விளக்கம் பாடநூல்களில் இருக்கிறது. மனிதருக்கு இந்தப் புற்று வருவதில் புகைபிடித்தல்தான் முதல் குற்றவாளி. பூனைக்கு அப்படி ஒன்றைக் கை காட்ட ஆதாரம் இல்லை. ஆகவே, பூனைக்குப் புற்று வந்துவிட்டதே, நாம் என்ன கொடுத்துக் கெடுத்தோம் என்று வளர்த்தவர் தன்னையே குடைந்துகொள்ள வேண்டியதில்லை.

அரிது என்பதால் ஆய்வும் அரிது. 2020இல், பல மருத்துவமனைகளின் பதிவேடுகளைத் திரட்டி 118 பூனைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. உலகம் முழுக்க இத்தனை கோடிப் பூனைகள் இருக்க, 118 என்பதே பெரிய தொகை! அவற்றை வயதுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வயது 15. மனிதக் கணக்கில் அது எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. இன்றைய பேச்சில் வரும் எண்களில் பலவும் அந்த ஆய்விலிருந்து வருபவைதான்.

அடையாளங்கள் எவை? அடிக்கடி உட்காருவது, சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, போகும்போது கத்துவது, இளஞ்சிவப்பாகவோ செக்கச்செவேல் என்றோ வருவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, தட்டை விட்டுக் குளியலறைத் தரையிலும் துணி மூட்டையிலும் போவது. இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும்: இதில் ஒன்றுகூடப் புற்றுக்கு மட்டும் உரியதல்ல. அழற்சிக்கும் இதே வரிசை, தொற்றுக்கும் இதே வரிசை. வெளிப் பார்வையில் வேறுபடுத்த வழி கிடையாது. எடை குறைவதும் சாப்பாடு குறைவதும் கிழப்பூனைக்கு வேறு பத்துக் காரணங்களால் வரும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். மணல் தட்டு வைத்து வளர்ப்பவர் மணலில் கட்டிகள் சிறுத்து, எண்ணிக்கை கூடியிருப்பதைக் காலையில் அள்ளும்போதே பார்த்துவிடுவார். பின்கட்டுக்கும் மொட்டை மாடிக்கும் போய்வரும் பூனை எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? அது வீட்டுக்குள் வந்து சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு விடுகிற நாளில்தான் சங்கதி வெளிவரும். அப்போதும், வெயிலுக்குச் சூடு பிடித்துவிட்டது, இளநீர் கொடுத்தால் சரியாகும் என்று நாலு நாள் போகும். பூனை இளநீரைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது வேறு. வயதான பூனைக்கு, அது வெளியே போய்வருவதாக இருந்தாலும், வீட்டுக்குள் ஒரு மணல் தட்டு வைப்பது நல்லது. வசதிக்காக மட்டும் இல்லை, பார்த்துக்கொள்வதற்காகவும்தான்.

எல்லாவற்றையும்விட அதிக நாளைத் தின்பது ஆன்டிபயாடிக்.

கட்டி உள்ள சிறுநீர்ப்பையில் கிருமி சுலபமாகக் குடியேறும். கட்டியின் மேற்பரப்பு புண்ணாகி இருக்கிறது. மூத்திரம் முழுதாக வடிவதில்லை. உட்சவ்வின் காவல் தளர்ந்திருக்கிறது. ஆகவே பரிசோதனையில் தொற்று தெரியும். மருத்துவர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதுவார். கிருமி சாகும், எரிச்சல் தணியும், இரத்தம் நிற்கும். பூனை பழையபடி ஜன்னல் திட்டில் ஏறி உட்காரும். மருந்து கேட்டுவிட்டது என்று வீடே நிம்மதியடையும். மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம். மறுபடி அதே மருந்து, இல்லாவிட்டால் அதைவிட வீரியமான ஒன்று. மறுபடி ஒரு வாரம் நிம்மதி. இப்படி மூன்று நான்கு சுற்று ஓடுவதற்குள், வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்த கட்டி, வெட்ட முடியாத இடத்துக்கு வளர்ந்துவிடலாம். இளம் பூனையில் தானாகத் தணியும் நோய்க்கு ஆன்டிபயாடிக் பேர் வாங்கிக்கொண்டது போலவே, இங்கேயும் அது வாங்கிக்கொள்கிறது. அங்கே நட்டம் காசோடு போயிற்று. இங்கே அப்படி இல்லை.

மருத்துவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. தொற்று இருப்பது உண்மை, மருந்து வேலை செய்ததும் உண்மை. ஆனால் பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைக்கு மூத்திரத் தொல்லை இரண்டாம் முறை வந்தால், மாத்திரைச் சீட்டுக்கு முன்னால் வயிற்றை அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட வேண்டும். இன்றைய பேச்சின் மையம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

ஸ்கேனுக்குப் போகும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். காலியான பையின் சுவர் சுருங்கித் தடித்துத் தெரியும். இல்லாத நோய் இருப்பது போலவும் காட்டும், இருக்கும் சிறு கட்டியை மறைத்தும்விடும். கிளம்புவதற்கு முன் மணல் தட்டை எடுத்துவிடலாம், மூத்திரம் அடைத்திருக்கிறதோ என்ற சந்தேகம் இல்லாதவரை. சாதாரண எக்ஸ்ரே கல்லைக் காட்டும். இந்தக் கட்டி அதில் பெரும்பாலும் தெரியாது. ஆனால் நுரையீரலில் பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரே தேவைப்படும்.

அல்ட்ராசவுண்டில் கட்டி பூக்கோசு போலச் சுவரிலிருந்து உள்நோக்கிப் பூத்திருக்கும். எல்லாப் பூவும் புற்று இல்லை. இரத்தக்கட்டும் அப்படித் தெரியலாம். பூனையைப் புரட்டிப் படுக்கவைத்தால் ஒட்டாத இரத்தக்கட்டு இடம் மாறும், டாப்ளரில் அதற்குள் இரத்த ஓட்டம் தெரியாது. நாள்பட்ட அழற்சியால் சதை முளைத்தும் புற்றைப் போலவே வேஷம் போடும். படத்தை வைத்து மட்டும் மரண ஓலை எழுதக் கூடாது.

உறுதிசெய்யத் திசு வேண்டும். உடம்பில் வேறு எங்கே கட்டி இருந்தாலும் ஊசியால் குத்திக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார்கள். இங்கே அது தவறான வழி. வயிற்றுச் சுவர் வழியாகச் சிறுநீர்ப்பைக் கட்டியை ஊசியால் குத்தினால், ஊசி வெளியே வரும் பாதையில் புற்றுச் செல்கள் உதிர்ந்து அங்கேயே வேர்விடலாம். நாய்களில் இது பதிவாகியிருக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்காக மூத்திரத்தை வயிற்றின் வழியே ஊசியில் எடுப்பதுகூட, கட்டி என்ற சந்தேகம் வந்தபின் தவிர்க்கப்படுகிறது. மூத்திரக் குழாய் வழியாக மெல்லிய கதீட்டரைச் செலுத்தித் துணுக்கு எடுப்பது ஒரு வழி. பெட்டைப் பூனைக்குக் குழாய் சற்று அகலம் என்பதால் நுண்ணிய சிஸ்டோஸ்கோப்பை உள்ளே விட்டு நேரில் பார்த்தே பயாப்சி எடுக்கலாம். அறுவை செய்யப்போவது உறுதி என்றால், வெட்டியதை அப்படியே நோய்க்கூற்று ஆய்வுக்கு அனுப்பலாம். மூத்திரத்தில் மிதக்கும் செல்களை மட்டும் பார்த்து முடிவுசெய்வது ஆபத்து. அழற்சியில் வீங்கிய சாதாரண செல்லும் நுண்ணோக்கியில் புற்றுச் செல்லைப் போலவே முறைக்கும்.

நாய்க்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பிராஃப் என்ற மரபணுவில் ஏற்படும் ஒரே ஒரு மாற்றம், நாய்களின் இந்தப் புற்றில் பெரும்பான்மையாகக் காணப்படும். மூத்திரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம். இணையத்தில் தேடிப் படித்துவிட்டு அதைப் பூனைக்கும் செய்யச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பூனையின் புற்றில் அந்த மாற்றம் இருப்பதில்லை. பணம்தான் வீண்.

சிகிச்சையைத் தீர்மானிப்பது முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்பது. சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களும் பையில் நுழைந்து, வெளியேறும் குழாயும் தொடங்குகிற முக்கோணப் பகுதி ஒன்று அடியில் இருக்கிறது. அங்கே கட்டி இருந்தால் கத்தி வைப்பது மிகக் கடினம். நாய்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அந்த 118 பூனைகளில் முக்கோணத்தில் கட்டி இருந்தவை கால்பங்குக்குச் சற்று மேல்தான். இந்த விஷயத்தில் பூனை கொடுத்துவைத்தது. பையின் உச்சியிலோ சுவரிலோ கட்டி இருந்தால், சுற்றிலும் நல்ல திசு கொஞ்சம் சேர்த்து அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம். பாதிப் பை போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். சிறுநீர்ப்பை சில வாரங்கள், மாதங்களில் நீண்டு விரிந்து கொள்ளளவை மீட்டுக்கொள்ளும். அதுவரை பூனை அடிக்கடி போகும், அவ்வளவுதான்.

அறுவையோடு கதை முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உட்சவ்வு முழுவதுமே நோய்க்குப் பழக்கப்பட்ட நிலம் என்பதால் வேறோர் இடத்தில் மறுபடி முளைப்பது சகஜம். அந்த 118 பூனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு நிணநீர்க் கணுக்களுக்கோ நுரையீரல் போன்ற உறுப்புகளுக்கோ நோய் பரவியிருந்தது.

அடுத்தது மருந்து. இந்தப் புற்றில் மலிவாகவும் ஓரளவு நன்றாகவும் வேலை செய்வது ஒரு வலிநிவாரணி: மெலாக்சிகம். புற்றுச் செல்கள் காக்ஸ்-2 என்ற நொதியை மிகையாக உண்டாக்குவதுண்டு. அதை இந்த மருந்து அடக்குகிறது. வலியும் குறைகிறது, சில பூனைகளில் கட்டியின் வேகமும் குறைகிறது. 2012இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் இம்மருந்து கொடுக்கப்பட்ட 11 பூனைகளின் நடுவாழ்நாள் பத்து மாதத்தை ஒட்டி இருந்தது. மெலாக்சிகம் என்ற பேர் நம் நாட்டுக்குப் புதிதல்ல. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதால் 2006இல் அதன் கால்நடைப் பயன்பாட்டை இந்தியா தடைசெய்தபோது, கழுகுக்குத் தீங்கில்லாத மாற்றாக முன்வைக்கப்பட்டது இதுவே.

கழுகுக்குத் தீங்கில்லாதது பூனைக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பூனைக்கு நீண்ட நாள் கொடுக்கும் அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.05 மில்லிகிராம். நான்கு கிலோப் பூனைக்கு 0.2 மில்லிகிராம். மருந்துக் கடையில் மூட்டுவலிக்கு வாங்கும் மாத்திரை ஒன்றில் 15 மில்லிகிராம் இருக்கும். எழுபத்தைந்து மடங்கு! அரை மாத்திரை, கால் மாத்திரை என்ற வீட்டுக் கணக்கு இங்கே உதவாது. கிழப்பூனைகளில் கணிசமானவற்றுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். இந்த மருந்து மிஞ்சினால் முதலில் அடிபடுவது அதுதான். ஐரோப்பாவில் பூனைக்கு நீண்ட நாள் கொடுக்க அனுமதிக்கப்பட்ட இதே மருந்துக்கு, 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கை போடவைத்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருத்துவர் குறித்த அளவில், சாப்பாட்டோடு, தண்ணீர் குறையாமல், இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு கொடுத்தால் இது நல்ல மருந்து. பாராசிட்டமாலை மட்டும் எந்த அளவிலும் கொடுக்கவே கூடாது. அதைச் செரித்து வெளியேற்றும் ஏற்பாடு பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

கீமோவும் உண்டு. மைட்டோக்சான்ட்ரோன், கார்போபிளாட்டின் போன்றவை பயன்படுகின்றன. நாய்க்கும் மனிதனுக்கும் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் பூனைக்கு ஆகாது. நுரையீரலில் நீர் கோத்துக் கொன்றுவிடும். பூனையைச் சின்ன நாய் என்று நினைத்து மருந்து கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கீமோ பெறும் பூனையின் மூத்திரத்திலும் மலத்திலும் சில நாள் மருந்து கலந்து வரும். தட்டைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும், கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. கதிர்வீச்சு சில நாடுகளில் கொடுக்கப்படுகிறது. குழாய் அடைபட்டால் உள்ளே ஸ்டென்ட் வைப்பதும், வயிற்றுச் சுவர் வழியே குழாய் போட்டு மூத்திரத்தை வெளியேற்றுவதும் கடைசிப் படிகள்.

இனி, எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி: எத்தனை நாள்? அந்த 118 பூனைகளையும் ஒன்றாக எடுத்தால் நடுவாழ்நாள் 155 நாள். பாதிப் பூனைகள் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தன, பாதி குறைவாக. பிரித்துப் பார்த்தால், சிகிச்சையே பெறாதவை 46 நாள், கட்டியை வெட்டாமல் மற்றச் சிகிச்சை பெற்றவை 176 நாள், பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவை 294 நாள். இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். வெட்டக்கூடிய இடத்தில் கட்டி இருந்த, மற்றபடி தெம்பான பூனைகளுக்குத்தான் அறுவை நடந்திருக்கும். அந்தத் தெம்பின் பங்கும் 294க்குள் இருக்கிறது. அப்படியே கழித்துப் பார்த்தாலும், கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுப்பதால் மாதங்கள் கிடைக்கின்றன என்பது தெளிவு. பூரண குணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதினைந்து வயதுப் பூனைக்கு ஒன்பது மாதம் என்பது சின்னக் காலமும் இல்லை.

அந்த மாதங்கள் வலியில்லாமல் கழிய வேண்டும். பூனை வலியை ஒளித்துக்கொள்ளும் பிராணி. 2019இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பாவ்லோ ஸ்டீகல் குழுவினர், காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலையின் நிலை என ஐந்தைப் பார்த்துப் பூனையின் வலியை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். காது வெளிப்பக்கம் திரும்பித் தட்டையாவது, கண் பாதி சுருங்குவது, தலை தோளுக்குக் கீழே இறங்குவது எல்லாம் வலி. தினமும் முகத்தைப் பார்ப்பவருக்கு இதைப் பழகிக்கொள்ள இரண்டு நாள் போதும். மருந்து கொடுத்தும் முகம் தெளியவில்லை, மூத்திரம் அடைபடுகிறது, சாப்பாடு நின்றுவிட்டது என்ற நிலை வந்தால், கருணைக் கொலையைப் பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுப் பேசலாம். பாவம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போவதில், மூத்திரம் அடைத்துச் சாகும் பூனைக்கு நன்மை எதுவும் இல்லை.

கடைசியாக, ஸ்கேனுக்கு எங்கே போவது? சென்னை வேப்பேரியில் உள்ள, 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் மருத்துவமனைகளும் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. உள்ளூரில் ஸ்கேன் வசதி இல்லையென்றால், மருத்துவரிடமே ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். கேட்பதில் தவறில்லை; அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டதா, மூத்திரத்தில் இரத்தம் இரண்டாம் முறை வந்திருக்கிறதா? இரண்டாவது ஆன்டிபயாடிக் சீட்டை வாங்குவதற்கு முன், ஸ்கேன் பார்த்துவிடலாமா டாக்டர் என்று தயவுசெய்து கேளுங்கள்.